பொறியியற் கல்வியும் படைத்துறைப் புலமைப்பரிசிலும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சங்கத்தார் எம்மைப் பேச அழைத்தபோது சமயப் பொருளையோ இலக்கியப் பொருளையோ எடுத்துக்கொள்ளலாம் என்றே முதலில் எண்ணினோம். அவற்றைப் பேச எம்மினும் வல்லார் இவ்வவையிற் பலர் உளர். ஆகவே, நம்மூர் வீடுகளில் இரவுச் சாப்பாட்டின்பின் தாயும் தகப்பனும் மெல்லிய குரலிற் பேசிக்கொள்ளும் பொருளொன்றை இன்று எடுத்துக்கொண்டோம்.

கோயில் வீதியிலும் கடற்கரையிலும் எம்போன்ற பல்கலைக்கழக மாணவரைக் காணும் பெற்றோர் கேட்பது இதுவே: "தம்பி, எங்கட பிள்ளை கணிதப் பிரிவிலை படிக்கிறான். கம்பசுக்கு எஞ்சினியரிங் கிடைக்குமோ? கிடைக்காட்டிக் கொத்தலாவலைக்கு ஒபிசர் கடேற்றாகப் போடலாமோ? அங்கை படிப்புக்குக் காசு இல்லை, மாசம் மாசம் காசும் தருவாங்களாமே?"

இந்த ஒரு கேள்விக்குள்ளே மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. கிடைக்குமா என்பது ஒன்று. என்ன செலவு என்பது மற்றொன்று. போகலாமா என்பது மூன்றாவது. நம்மவர் முதலிரண்டையும் நாட்கணக்கில் ஆராய்கின்றனர். மூன்றாவதைக் கடைசி நாளில், விண்ணப்பப் படிவத்தில் ஒப்பமிடும்போதே நினைக்கின்றனர். இந்த ஒழுங்கு தலைகீழானது என்பதே நாம் இன்று சொல்ல விரும்புவது.

வேறெந்த ஊரைக் காட்டிலும் நம்மூரிலே இக்கேள்வி வாசலுக்கு அருகில் நிற்கின்றது. துறைமுகத்தால் வளர்ந்த ஊர் இது. பிரித்தானியக் கடற்படை இங்கே தளம் வைத்திருந்தது. அதன் பொருட்டு 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்களின் குண்டும் நம்மூரில் விழுந்தது. 1957 ஒக்டோபரில் அத்தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. கடற்படை அதிகாரிகளைப் பயிற்றும் கல்லூரி இன்று அத்தளத்தினுள்ளே இருக்கின்றது. விமானப்படை அதிகாரிகளைப் பயிற்றும் கல்லூரி சீனன்குடாவில் இருக்கின்றது. கோணேசப் பெருமானை வணங்கச் செல்லும் நாமும் பிரெட்றிக் கோட்டை வாயிலால் நுழைந்து, இராணுவத்தார் தங்கியிருக்கும் இடத்தைக் கடந்துதான் செல்கின்றோம். சீருடை நமக்குப் புதிய காட்சியன்று.

துறைமுகம் நமக்கு மற்றொரு பாடமும் கற்பித்திருக்கின்றது. வெள்ளையர் கொடி இறங்கியபோது, டொக்யாட் வேலையையே நம்பியிருந்த குடும்பங்கள் பட்ட பாட்டை முதியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். கடற்படைச் சம்பளம் நல்ல சம்பளமாகவே இருந்தது. ஆனால், அதைக் கொடுத்த கையை அசைத்த மூளை நம்மூரில் இருக்கவில்லை. படைத்துறை உத்தியோகத்தைப் பற்றி எண்ணுவோர் இதை மறத்தல் ஆகாது.

இனிப் பொறியியற் படிப்பைப் பார்ப்போம். இப்படிப்பின்மேல் நமக்குள்ள மோகத்தை வெறும் சீதன ஆசை என்று இகழ்ந்துவிட முடியாது. நம் மாவட்டத்தின் பழங்கதை நாயகன் குளக்கோட்டன். கோட்டமும் கட்டினான், குளமும் கட்டினான் என்பதே அவன் புகழ். கந்தளாய்க் குளத்தை அவனோடு சேர்த்தே நம் முன்னோர் பேசினர். அக்குளத்தின் கட்டு 1986 ஏப்ரல் 20ஆம் திகதி உடைந்தபோது நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஓர் அணைக்கட்டைக் காப்பவன் எத்தனை உயிரைக் காக்கின்றான் என்பதை நம் மாவட்டத்தார்க்கு எவரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

வேலை இல்லை என்றும் சொல்வதற்கில்லை. பிரித்தானியர் அமைத்த எண்ணெய்த் தாங்கிகளில் 99 இன்றும் நிற்கின்றன. 2022 ஜனவரியில் எழுதிய ஒப்பந்தங்களின்படி அவற்றுள் 61 கூட்டு நிறுவனமொன்றுக்கும், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 14 லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்துக்கும் என வகுக்கப்பட்டன. சம்பூரில் 120 மெகாவாற் சூரிய மின்நிலையத்துக்கான தொடக்க விழா 2025 ஏப்ரல் 5ஆம் திகதி நடந்தது. இவற்றுக்கெல்லாம் பொறியியலாளர் வேண்டும். அவர் நம்மூர்ப் பிள்ளையாய் இருத்தல் கூடாது என்று ஒரு விதியும் இல்லை.

ஆனால், அப்படிப்பின் வாயில் ஒடுங்கியது. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் 1950இல் கொழும்பிலே தொடங்கி 1964இல் பேராதனைக்குப் பெயர்ந்தது. கட்டுப்பெத்தையில் இருந்த தொழில்நுட்ப நிலையம் வளர்ந்து 1978இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. பின்னர் உறுகுணை, யாழ்ப்பாணம், தென்கிழக்கு, ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகங்களிலும் பொறியியற் பீடங்கள் தோன்றின. யாழ்ப்பாணத்துப் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரிலும், தென்கிழக்கின் பீடம் ஒலுவிலிலும் உள்ளன. நமது திருகோணமலை வளாகத்திலே சித்த மருத்துவம் உண்டு; பொறியியல் இல்லை. ஆகவே, எங்கே இடம் கிடைத்தாலும் நம் பிள்ளை வீட்டைவிட்டுப் போகத்தான் வேண்டும்.

இவ்வாயிலின் வரலாற்றில் நாம் மறக்கவியலாத ஓர் ஆண்டு 1971. அவ்வாண்டு அநுமதியின்போது, 400 புள்ளிக்குப் பேராதனைப் பொறியியற் பீடத்தின் எல்லை சிங்கள மொழியிற் பரீட்சை எழுதியோர்க்கு 227 ஆகவும், தமிழில் எழுதியோர்க்கு 250 ஆகவும் வைக்கப்பட்டது. தரப்படுத்தல் என்று நம்மவர் அழைத்தது இதனையே. 1974 முதல் மாவட்டப் பங்கீடு வந்தது. புத்தகம் வைத்திருந்த கைகள் துவக்கெடுத்த வரலாற்றை எழுதுவோர், அதன் காரணங்களுள் ஒன்றாக இந்த 23 புள்ளி வித்தியாசத்தையும் சொல்வர். எனவே, பொறியியற் பீடம் ஒரு பக்கமும் படை மறுபக்கமுமாக ஒரு தமிழ்த் தகப்பன் நிற்கும்போது, அவன் மனத்திலே ஓடுவது வெறும் பணக்கணக்கு அன்று. ஐம்பதாண்டுக்கு மேற்பட்ட வரலாறும் அவனோடு நிற்கின்றது.

இன்றைய முறை வேறு. 2001 முதல் இசட் புள்ளி கொண்டு அநுமதி நடைபெறுகின்றது. பெற்றோர் பலர் இதனை ஏதோ மந்திரம் என்று அஞ்சுகின்றனர். அது எளிய கணக்கே. ஒரு பாடத்தில் எல்லோரும் பெற்ற புள்ளியின் சராசரியைப் பிள்ளையின் புள்ளியிலிருந்து கழிக்கவேண்டும். வருவதை, அப்பாடத்திற் புள்ளிகள் எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்று காட்டும் நியம விலகலாற் பிரிக்கவேண்டும். உதாரணமாக, ஒரு பாடத்திற் சராசரி 40, விலகல் 16 என்று கொள்வோம். அதில் 64 எடுத்தவனுக்கு 24ஐ 16ஆற் பிரிக்க 1.5 வரும். மற்றொரு பாடத்திற் சராசரி 55, விலகல் 12 ஆயின், 73 எடுத்தவனுக்கும் அதே 1.5தான். கடினமான பாடத்தில் எடுத்த 64உம் இலகுவான பாடத்தில் எடுத்த 73உம் ஒரே நிறையாகின்றன. இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் ஆகிய மூன்றுக்கும் இவ்வாறு கண்டு, அவற்றின் சராசரியே பிள்ளையின் இசட் புள்ளியாகின்றது.

பொறியியல் இடங்களுள் நூற்றுக்கு 40 அகில இலங்கைத் தகுதி ஒழுங்கிலும், 55 மாவட்ட ஒழுங்கிலும், 5 கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. அக்குறைந்த மாவட்டங்கள் பதினாறனுள் நமது திருகோணமலையும் ஒன்று. இங்கே பெற்றோர்க்கு ஓர் எச்சரிக்கை. மாவட்டம் என்பது பிறந்த ஊர் அன்று. பரீட்சைக்கு முந்திய மூன்றாண்டுகளிற் பிள்ளை படித்த பாடசாலையைக் கொண்டே அது தீர்மானிக்கப்படும். நல்ல வகுப்புத் தேடி உயர்தரத்துக்குக் கொழும்புக்கோ வேறெங்குமோ பிள்ளையை அனுப்புவோர், திருகோணமலை என்ற பங்கையும் அங்கேயே தொலைத்துவிடக் கூடும்.

போன ஆண்டு வெட்டுப்புள்ளியைப் பார்த்து, "எங்கட பிள்ளைக்கு நிச்சயம்" என்போரும், "இனி ஆசை வேண்டாம்" என்போரும் உளர். இரண்டும் அவசரமே. வெட்டுப்புள்ளி என்பது போன ஆண்டு கடைசியாக உள்ளே போனவன் நின்ற படி. இந்த ஆண்டு அப்படி மேலேயும் ஏறலாம், கீழேயும் இறங்கலாம். பரீட்சைக்கு மூன்று தடவை தோற்றலாம் என்பதும் கணக்கிற் சேரவேண்டும். முதல் தடவை சற்றே தவறிய பிள்ளையை, வேறு வாயிலை நோக்கி ஒரே இரவிற் திருப்புவது விவேகமாகாது.

இனி இரண்டாவது வாயில். முன்னாட் பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவல அளித்த இரத்மலானைக் கந்தவளைத் தோட்டத்திலே 1980இல் பாதுகாப்புக் கல்லூரி ஒன்று தொடங்கியது. 1981இல் அதற்குச் சட்டம் செய்யப்பட்டது. அதுவே இன்று ஜெனரல் சேர் ஜோன் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகம். அங்கே பொறியியற் பீடமும் உண்டு. மாணவரும் இருவகையினர். ஒருவகையினர் சீருடை அணியாது கட்டணம் செலுத்திப் படிப்போர். மறுவகையினர் தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகிய மூன்றில் ஒன்றுக்குத் தெரிவாகிய கடேற் அதிகாரிகள். கட்டணமின்மையும் மாதப் படியும் இந்த இரண்டாம் வகையினர்க்கே உரியவை. "கொத்தலாவலையிலை இலவசம்" என்று கேள்விப்பட்டு, எந்த வகை என்று கேளாமற் போய் ஏமாறும் பெற்றோர் உண்டு. முதற் கேள்வியாக இதனைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடேற் அதிகாரியாவதற்குப் பரீட்சைப் பெறுபேறு மாத்திரம் போதாது. வயதெல்லை உண்டு. உயரம், கண்பார்வை, உடல்நலம் பார்ப்பர். நேர்முகப் பரீட்சையிலே பிள்ளையின் பேச்சையும் துணிவையும் எடைபோடுவர். எனவே, நல்ல இசட் புள்ளி உள்ளவன் இங்கே தவறலாம். சற்றுக் குறைந்தவன் தேறலாம். பொறியியற் பீடம் கிடையாதவனுக்கு இது காத்திருக்கும் பின்வாசல் என்று எண்ணுவது தவறு. இதுவும் ஒரு முன்வாசலே; இங்கும் வரிசை நீண்டதே.

தேறியவன் பட்டப்படிப்போடு படைப்பயிற்சியும் பெறுவான். அதன் ஒரு பகுதிக்காகத் தரைப்படைக்குச் சென்றவன் தியத்தலாவைக்கும், கடற்படைக்குச் சென்றவன் நம் திருகோணமலைக்கும், விமானப்படைக்குச் சென்றவன் சீனன்குடாவுக்கும் அனுப்பப்படுவான். இரண்டு கட்டை தூரத்தில் வீடு இருக்க, வேலிக்கு அப்பால் நின்று பயிலும் நிலையும் நம்மூர்ப் பிள்ளைக்கு வரலாம். பட்டம் பெற்றபின் அவன் வேலை தேட வேண்டியதில்லை. வேலை அவனைத் தேடிக் கொண்டுபோகும். எங்கே என்பதைத்தான் அவன் தீர்மானிக்க முடியாது.

இம்முறை நம் நாட்டில் மாத்திரம் உள்ளதன்று. இந்தியாவில் கடக்வாசலாவிலே மூன்று படைக்கும் பொதுவான கல்லூரி 1955 முதல் நடைபெறுகின்றது. கேரளத்து எழிமலையில் 2009இல் திறந்த கடற்படைக் கல்லூரியில் கடேற்றுக்கள் பொறியியற் பட்டமும் பெறுகின்றனர். அமெரிக்காவிலே இன்னொரு வழியும் உண்டு. மாணவன் பொதுப் பல்கலைக்கழகத்திலேயே படிப்பான். கட்டணத்தை அரசு கொடுக்கும். பட்டம் பெற்றபின் அதிகாரியாகச் சேவை செய்வான். இவையெல்லாம் அந்தந்த நாட்டாருக்கு ஏற்பட்டவை. நம் பிள்ளைகள் இணையத்தில் இவற்றைப் படித்து ஆசைகொள்வதிற் பயனில்லை. நாம் இவற்றைச் சொல்வது ஒரு பொதுவிதியைக் காட்டுதற்கே. எந்த நாட்டிலும் படைத்துறைப் புலமைப்பரிசில் தானம் அன்று. அது ஒரு விற்பனை. அரசு கொடுப்பது பணம். பிள்ளை கொடுப்பது வயது.

விற்பனை என்றதனால் அது இழிவாகிவிடாது. உழைப்பை விற்றே நாமெல்லோரும் உண்கின்றோம். ஆனால், விலை தெரிந்து விற்கவேண்டும். ஒப்பமிடும்போது பிள்ளைக்கு வயது பத்தொன்பது. பட்டப்படிப்பின் ஆண்டுகளையும், பயிற்சியின் காலத்தையும், ஒப்பந்தத்திற் கண்ட கட்டாய சேவையின் ஆண்டுகளையும் ஒரு கடுதாசியில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டிப் பாருங்கள். விடுதலை பெறும் நாளில் அவனுக்கு வயது என்ன? இடையில் விலகினால் திருப்பிச் செலுத்த வேண்டியது எவ்வளவு? பிணை நிற்பவர் யார்? அவர் கையில் அப்பணம் உண்டா? காயம் பட்டால் என்ன, நோய் வந்தால் என்ன? இவற்றுக்குரிய விடைகள் ஒப்பந்தத்திலே இருக்கும். அதனை மொழிபெயர்த்துச் சொல்லக்கூடிய ஒருவரோடு, வரி வரியாக வாசித்த பின்பே பேனாவை எடுக்கவேண்டும்.

எதிர்காலத்தையும் சற்றே நோக்க வேண்டும். இலங்கைத் தரைப்படையை 2024க்குள் 135,000 பேராகவும், 2030க்குள் 100,000 பேராகவும் குறைப்பதென்று 2023 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. அப்போது அனுமதிக்கப்பட்ட தொகை இரண்டு இலட்சத்துக்குச் சற்று மேல். இதனாற் பொறியியல் அறிந்த அதிகாரிக்கு வேலை இல்லாமற்போம் என்பதன்று. ஆனால், படை சுருங்கும் நாளில் மேற்பதவிகளும் சுருங்கும் என்பது டொக்யாட்டைக் கண்ட ஊருக்கு விளங்கக்கூடியதே.

மறுபக்கத்துச் செலவையும் நேர்மையாகப் பார்ப்போம். அரசாங்கப் பல்கலைக்கழகத்திலே கல்விக் கட்டணம் இல்லை. மகாபொல போன்ற உதவியும் உண்டு. ஆனால், சாப்பாடு, தங்குமிடம், போக்குவரத்து, கணினி என்ற செலவு நான்காண்டுக்கும் உண்டு. மூதூரிலிருந்தும் சம்பூரிலிருந்தும் மொறட்டுவைக்குப் பிள்ளையை அனுப்பும் கூலித் தொழிலாளிக்கு அது சிறுதொகை அன்று. அப்படிப்பட்ட தகப்பன் மாதப் படியை நினைத்தால், அவனைப் பேராசைக்காரன் என்று சொல்லும் உரிமை நமக்கில்லை. வீட்டிலே இன்னும் இரண்டு பிள்ளைகள் இருக்க, ஒருவனின் செலவு குறைவது மற்றவரின் பள்ளிக்கூடமே ஆகலாம். நாம் அவனிடம் கேட்பது ஒன்றே. இந்தச் செலவை ஊரவரும், சங்கமும், பழைய மாணவரும் பங்கிட முடியுமா என்று கேட்டுப் பார்த்தபின் முடிவுசெய்க. வேறு வழியே இல்லை என்று எண்ணி ஒப்பமிடுவது வேறு. வழிகள் இருக்க விரும்பி ஒப்பமிடுவது வேறு. முன்னையது பிள்ளையை அடகு வைத்தலாகும்; பின்னையதுதான் பிள்ளை எடுத்த தீர்மானம்.

மிஷன் பாடசாலையிலே படித்த எமக்கு அங்கே கேட்ட ஓர் உவமை நினைவுக்கு வருகின்றது. கோபுரம் கட்ட எண்ணுபவன் முதலில் உட்கார்ந்து, கட்டிமுடிக்கத் தன்னிடம் பொருள் உண்டா என்று கணக்குப் பார்ப்பான். போருக்குப் புறப்படும் அரசனும் முதலில் உட்கார்ந்து, எதிரியின் இருபதினாயிரத்தை எனது பதினாயிரம் எதிர்க்குமா என்று ஆலோசிப்பான். ஒன்று கட்டுபவன் கதை. மற்றது படைவீரன் கதை. இரண்டிலும் கணக்குப் பார்க்கவேண்டியவன் அந்தக் காரியத்தைச் செய்யப்போகின்றவனே என்பதை அந்நாளில் நாம் கவனிக்கவில்லை. இன்று அது பளிச்சென்று தெரிகின்றது. நம் வள்ளுவரும் வலியறிதல் என்று ஓர் அதிகாரமே வைத்தார். வலியை அறியவேண்டியவன் வினை செய்பவன். நம் வீடுகளிலோ கணக்குப் பார்ப்பவர் தகப்பனார், போய்ச் செய்கின்றவன் மகன்.

இனி, மனம் கனக்கும் ஒரு செய்தியைப் பேசாது விடல் கோழைத்தனமாகும். 2006 ஜனவரி 2ஆம் திகதி நம்மூர்க் கடற்கரையிலே ஐந்து தமிழ் மாணவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவ்வழக்கில் எதிரிகளாக்கப்பட்ட பாதுகாப்புப் படையினர் 13 பேரும், சான்று போதாதென்று 2019இல் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர். அக்கடற்கரையில் மாலையில் உலாவும் ஒரு தாய், தன் பிள்ளை சீருடை அணிவதை நினைக்கும்போது நெஞ்சு திடுக்கிட்டால், அது அறியாமையால் வந்ததன்று, அறிந்தமையால் வந்தது. அவளுக்கு நாம் தேசபக்தி போதிக்கப் போவதில்லை.

அதே வேளையில் வரலாற்றின் மறுபக்கமும் உண்டு. இலங்கைத் தரைப்படையின் முதல் இலங்கைத் தளபதி அன்ரன் முத்துக்குமாரு. 1955 முதல் 1959 வரை அப்பதவியில் இருந்தார். கடற்படைக்கு 1960 முதல் 1970 வரை தளபதியாக இருந்தவர் ராஜன் கதிர்காமர். அதன்பின் நாற்பத்தேழு ஆண்டு கழிந்து, 2017 ஓகத்தில், ட்ரவிஸ் சின்னையா கடற்படைத் தளபதியானார். இரண்டு மாதத்துக்குச் சற்று மேலாகவே அப்பதவி அவருக்கு வாய்த்தது. தமிழருக்கு இவ்வழி என்றுமே அடைபட்டிருந்தது என்று சொல்வதும் உண்மையன்று. அகலத் திறந்திருந்தது என்று சொல்வதும் உண்மையன்று. நாற்பத்தேழு ஆண்டு என்ற அந்த இடைவெளியை ஒவ்வொருவரும் தம் மனத்தில் வைத்து எண்ணிக்கொள்க.

சிலர், "நம் பிள்ளைகள் உள்ளே போனாற்றான் நிலைமை திருந்தும்" என்பர். சிலர், "போவதே துரோகம்" என்பர். இரு சாராரும் மேடையிலிருந்து பேசுகின்றனர். விடியற்காலை விசிலுக்கு எழும்பப் போகின்றவன், பெரும்பாலும் சிங்களம் பேசும் தோழர் நடுவிலே தனித் தமிழனாக நிற்கப் போகின்றவன், ஒருநாள் கட்டளை பெறவும் கட்டளை கொடுக்கவும் வேண்டியவன், அந்தப் பிள்ளை. கட்டளைக்குக் கீழ்ப்படிதல் அத்தொழிலின் உயிர். எந்தக் கட்டளைக்குத் தன் மனச்சாட்சி இசையும், எதற்கு இசையாது என்பதைப் பத்தொன்பது வயதில் முற்றாக அறிய முடியாது. எண்ணியாவது பார்த்திருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தபின்னும் "நான் போகிறேன்" என்று சொல்லும் பிள்ளையை எவரும் இகழவேண்டாம். "எனக்கு மனமில்லை" என்று சொல்லும் பிள்ளையையும் எவரும் கோழை என்று சொல்லவேண்டாம்.

ஆகவே, பெற்றோர்க்கு நாம் பணிவோடு சொல்லும் சோதனை ஒன்று. பிள்ளையை அருகில் இருத்தி, "பொறியியற் பட்டம் கொடுக்காமலே அதிகாரிப் பதவி தந்தாற் போவாயா?" என்று கேளுங்கள். "போவேன்" என்றால் இரண்டுக்கும் விண்ணப்பிக்கட்டும். அவனுக்குப் படைத்தொழிலே நோக்கம். பட்டம் அதற்கு அணிகலன். "போகமாட்டேன், பட்டத்துக்காகவே கேட்கிறேன்" என்றால், அந்த விண்ணப்பப் படிவத்தை மடித்து வையுங்கள். கிடைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு நூறாயினும் மடித்தே வையுங்கள். கிடைத்தல் எளிது என்பதனால் ஒரு வாழ்க்கை உகந்ததாகிவிடாது. பெண்பிள்ளை உள்ள வீட்டிலும் இதே கேள்வியை இதே மரியாதையோடு கேட்கவேண்டும்.

இரண்டுக்கும் விண்ணப்பிப்பவர் மற்றொன்றையும் கருத்தில் வைக்கவேண்டும். இரு இடத்து முடிவும் ஒரே நாளில் வருவதில்லை. ஒன்றின் முடிவு தெரியுமுன் மற்றதற்கு விடை சொல்லவேண்டி வரலாம். இரண்டும் கிடைத்தால் எது என்பதைக் கடிதம் வருமுன்பே வீட்டிற் பேசி முடித்துவிடுங்கள். கடிதம் கையில் இருக்கும்போது, அயலவர் வாழ்த்தும்போது, அமைதியாக எண்ண முடியாது.

இரண்டும் கிடையாவிட்டால்? உலகம் முடிந்துவிடாது. திறந்த பல்கலைக்கழகத்திலே வேலை செய்துகொண்டே பொறியியல் படிக்கலாம். மொறட்டுவையிலே தொழில்நுட்பத் தேசிய டிப்ளோமா உண்டு. இவ்வழி மெதுவானது, ஆனால் போய்ச் சேரும் வழி. நம்மூர் இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்த விபுலாநந்த அடிகளார், கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியிலே படித்து 1916இல் விஞ்ஞான டிப்ளோமாப் பெற்றவர். அதன்பின்னரே, ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டு, 1920இல் இலண்டன் பட்டதாரியானார். ஒரே ஓட்டத்தில் ஏறாத படியை இரண்டு ஓட்டத்தில் ஏறினார். அதனால் அவர் புகழிற் குறைந்தது ஒன்றுமில்லை.

சங்கத்தார்க்கும் ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் பெறுபேறு வெளியாகும் வாரத்திலே, இம்மண்டபத்தில் இரண்டு நாள் ஒரு மேசை போடுங்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலும், பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தின் அறிவித்தலும் அதன்மேல் இருக்கட்டும். மும்மொழியும் வாசிக்கத் தெரிந்த மாணவர் இருவர் அருகில் இருக்கட்டும். எம்மில் எவரையும் கூப்பிடலாம். கிண்ணியாவிலிருந்தும் தம்பலகாமத்திலிருந்தும் வருவோர், எச்சமயத்தவராயினும், இருந்து கேட்டுப் போகட்டும். செலவு சிறிது; அதனாற் காக்கப்படும் ஆண்டுகள் பல.

பெற்றோர்களே! உங்கள் உழைப்பால் நாங்கள் படிக்கின்றோம். அதற்கு நாங்கள் செலுத்தும் கைம்மாறு போதாது என்பதை அறிவோம். வழியைக் காட்டுங்கள், செலவைச் சொல்லுங்கள், உங்கள் அச்சத்தையும் ஒளிக்காது சொல்லுங்கள். எல்லாம் சொல்லியபின் பேனாவை மட்டும் பிள்ளையின் கையிற் கொடுங்கள். அவன் பெயரை அவனே எழுதட்டும்.